பழைய 25,000 ரூபா கடனட்டையை மூடலாமா, வைத்திருக்கலாமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கும் கேள்வி இது. 2011-ல் முதல் நியமனம் கிடைத்த கையோடு ஒரு கடனட்டை எடுத்தார். லிமிட் 25,000 ரூபா, இன்றுவரை கூடவில்லை. பிறகு வேறொரு வங்கியில் 300,000 ரூபா லிமிட்டோடு இன்னொன்று எடுத்து, பல வருஷமாக அதைத்தான் பாவிக்கிறார். பழையது அலுமாரிக்குள் கிடக்கிறது; ஆண்டுக் கட்டணம் மட்டும் தவறாமல் வருகிறது. மூடிவிடலாம் என்று நினைத்தால், ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள், "பழைய காட்டை மட்டும் மூடிப்போடாதே, ஸ்கோர் விழுந்திடும்" என்கிறார். இதற்கிடையில் வீட்டுக்கு மேல்தளம் போட இன்னும் சில மாதத்தில் வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்கவும் யோசனை. என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

டீச்சர், முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். மூடலாம். ஆனால் இப்போது வேண்டாம். வீட்டுக்கடன் காசு கைக்கு வந்த பிறகு மூடுங்கள். கட்டட வேலைக்கான கடனை வங்கிகள் வேலை நடக்க நடக்கக் கட்டங்கட்டமாகத்தான் விடும். ஆகவே கடைசிக் கட்டமும் வந்து சேர்ந்த பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை அந்த அட்டையில் ஒரு சதமும் நிலுவை இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதுதான் கொஞ்சம் நீளமான கதை.

மச்சாள் பிழையாகச் சொல்லவில்லை. அவர் இருக்கும் இடத்தில் அது பெரும்பாலும் சரியான புத்திமதி. வட அமெரிக்காவில் ஆளுடைய கடன் ஒழுக்கத்தை ஓர் எண்ணாகச் சுருக்கிவிடுவார்கள். அமெரிக்காவில் அதிகம் பாவிக்கப்படும் ஃபைகோ ஸ்கோரை எடுத்தால், ஒழுங்காகக் கட்டிய வரலாற்றுக்கு 35 சதவீதம், எவ்வளவு கடன் நிலுவையில் நிற்கிறது என்பதற்கு 30, கணக்குகளின் வயதுக்கு 15, புதிதாக எடுத்த கடனுக்கு 10, கடன் வகைகளின் கலப்புக்கு 10 என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பழைய அட்டையை மூடினால் இரண்டு இடத்தில் அடி விழலாம் என்பது அங்குள்ளவர்களின் பயம். ஒன்று, மொத்த லிமிட் குறைவதால், பாவிக்கும் காசு அந்த லிமிட்டில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு ஏறும். மற்றது, கணக்குகளின் வயது குறையும்.

இந்த இரண்டாவது பயம் அங்கேயேகூட முழுக்கச் சரியில்லை. ஒழுங்காகக் கட்டி மூடிய கணக்கு அமெரிக்கக் கடன் அறிக்கையில் பத்து வருஷம் வரை நிற்கும். ஃபைகோ அதன் வயதையும் கணக்கில் எடுக்கும். மூடிய அன்றே வரலாறு துடைபட்டுப் போவதில்லை.

முதலாவதை உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம். இரண்டு அட்டைக்கும் சேர்த்து லிமிட் 325,000 ரூபா. மாதம் 60,000 ரூபாவுக்குப் பாவிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், அது மொத்த லிமிட்டில் 18.5 சதவீதம். பழையதை மூடினால் 20 சதவீதம். அவ்வளவுதான் வித்தியாசம். கனடாக் கணக்கில் வைத்துப் பார்த்தாலும் இந்தச் சின்ன அட்டைக்கு அப்படியொரு பலம் கிடையாது. உங்களுடைய மற்ற அட்டையின் லிமிட் 50,000 என்று இருந்து, அதில் மாதம் 30,000 பாவிப்பவராக இருந்தால் கதை வேறு. 40 சதவீதத்தில் நிற்பது 60-க்குப் போகும். ஆகவே பழைய அட்டையின் லிமிட் சின்னதா பெரிதா என்பதைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை. கையில் மிஞ்சப்போகும் அட்டையோடு சேர்த்துப் பாருங்கள்.

சரி, நம்முடைய ஊருக்கு வருவோம்.

இங்கே எல்லாரும் 'கிரிப்' என்று சொல்வது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தை. 1990-ம் ஆண்டின் 18-ம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. "கிரிப்பில் பெயர் விழுந்துபோச்சு" என்று பஸ்ஸில், சந்தையில், கச்சேரி வாசலில் எல்லாம் கேட்கலாம். கறுப்புப் புத்தகம் ஒன்றில் பெயர் எழுதி வைத்திருப்பது போலத்தான் சனம் நினைத்திருக்கிறது. உண்மையில் ஒழுங்காகக் கட்டுபவரின் பெயரும் அங்கே இருக்கும், கட்டாதவரின் பெயரும் இருக்கும். கடன் கொடு, கொடுக்காதே என்று பணியகம் யாருக்கும் சொல்வதில்லை. உறுப்பினரான வங்கிகளும் நிதி நிறுவனங்களும் லீசிங் கம்பனிகளும் கொடுக்கும் தகவலை அது சேர்த்து வைக்கிறது. முடிவெடுப்பது நீங்கள் விண்ணப்பம் கொடுக்கும் வங்கி.

அந்த வங்கியின் கடன் மேசையில் இருப்பவர் உங்கள் அறிக்கையில் எதைத் தேடுவார்? முதலில், எங்காவது தாமதம் இருக்கிறதா, எத்தனை நாள் தாமதம் என்று பார்ப்பார். அடுத்து, இப்போது மொத்தம் எவ்வளவு கடன், அதற்கு மாதம் எவ்வளவு போகிறது, சம்பளத்தில் மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போடுவார். அண்மையில் எத்தனை இடத்தில் கடன் கேட்டு ஏறி இறங்கியிருக்கிறீர்கள் என்பதும் கண்ணில் படும். அறிக்கையோடு இப்போது ஸ்கோரும் வருகிறது, அதையும் பார்ப்பார்கள். ஆனால் ஓர் ஆசிரியையின் வீட்டுக்கடன் விண்ணப்பத்தில் சம்பளப் பத்திரமும் காணி உறுதியும் பேசுமளவுக்கு 2011-ல் எடுத்த அட்டையின் வயது பேசாது.

இன்னொரு பக்கமும் உண்டு. கடனட்டையில் ஒரு சதமும் நிலுவை இல்லாவிட்டாலும், நாளைக்கே முழுவதையும் பாவித்துவிடலாம் என்பதால், லிமிட்டின் ஒரு பங்கை மாதக் கட்டுக்காசாக எடுத்துக் கணக்குப் போடும் வங்கிகள் இருக்கின்றன. பத்து லட்சம் லிமிட்டோடு அட்டை வைத்திருப்பவருக்கு அது கடன் தொகையையே குறைத்துவிடும். 25,000-க்கு அது ஒரு பொருட்டில்லை. வீட்டுக்கடனை நினைத்து எதையாவது குறைக்கத்தான் வேண்டும் என்றால், உங்கள் 300,000 அட்டையின் லிமிட்டைக் குறைத்துக் கேட்பதில்தான் ஏதாவது பலன் இருக்கும்.

ஆக, மூடினால் பெரிய கெடுதலும் இல்லை, வைத்திருந்தால் பெரிய நன்மையும் இல்லை. அப்படியென்றால் ஏன் கடைசியில் மூடச் சொல்கிறேன்? மறந்துபோன அட்டைதான் ஆளைக் கவிழ்க்கும்.

இந்தப் பகுதியில் நான் கடன் விண்ணப்பங்களைப் பார்த்த காலத்தில், பெரிய கடன் எடுத்து முறிந்தவர்களைவிட, சின்ன அட்டையில் இடறி விழுந்தவர்களைப் பார்த்துத்தான் அதிகம் கவலைப்பட்டிருக்கிறேன். நடப்பது இப்படித்தான். முதல் நியமனம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கமோ கொக்கட்டிச்சோலைப் பக்கமோ ஒரு பாடசாலை. அட்டைக்குக் கொடுத்த விலாசம் அந்தப் பாடசாலையினது. ஐந்தாறு வருஷத்தில் இடமாற்றம் வாங்கி வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரைக்கு வந்துவிடுவார். தொலைபேசி இலக்கமும் இடையில் மாறியிருக்கும். வங்கி அனுப்பும் மாதக் கணக்குக் கூற்று பழைய பாடசாலை அலுவலக மேசையில் தூசி பிடிக்கும், குறுஞ்செய்தி வேறு யாருடைய போனுக்கோ போகும். அட்டை பாவிப்பதில்லைதானே என்று அவர் நிம்மதியாக இருப்பார். ஆண்டுக் கட்டணம் அந்த அட்டையிலேயே செலவாக விழும். கட்டாவிட்டால் தாமதக் கட்டணம். அதற்கு மேல் வட்டி. அடுத்த மாதம் மறுபடி தாமதக் கட்டணம். தொகை சில ஆயிரம் தாண்டாது. ஆனால் அறிக்கையில் தாமத நாட்கள் 30, 60, 90 என்று ஏறிக்கொண்டே போகும். வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போகும் அன்றைக்குத்தான் தெரியவரும். தாமதம் இரண்டாயிரம் ரூபாவுக்கா இரண்டு லட்சத்துக்கா என்று விளக்கம் சொல்லிச் சமாளிக்கலாம்தான். அதற்குள் இரண்டு மூன்று மாதம் போய்விடும், சீமெந்து விலையும் ஏறிவிடும்.

வட்டியும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2020-ல் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு 18 சதவீதம் என்று உச்சவரம்பு போட்டது. 2022 ஏப்ரலில் அந்த வரம்பு நீக்கப்பட்டது. அதற்குப் பிறகு வட்டி 30-ஐத் தாண்டிப் போனது. 2023-ல்தான் திரும்பவும் 28 அளவுக்கு இறங்கியது. அலுமாரிக்குள் கிடக்கும் அட்டையின் வட்டியை யார் கவனித்துக்கொண்டிருக்கப் போகிறார்கள்?

இந்த இடத்தில், கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், குறை நினைக்காதீர்கள். ஆசிரியர்கள் என்றால் பிணைக் கையெழுத்துக்கு எல்லாரும் தேடி வருவார்கள். சக ஆசிரியருக்கு ஒரு கடன், தம்பியாரின் மோட்டார் சைக்கிள் லீசிங், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கடை. நீங்கள் பிணை நின்ற கடன்களும் உங்கள் அறிக்கையில் வரும். அவர் கட்டாவிட்டால் அதுவும் தெரியும். பழைய அட்டையை மூடுவதா விடுவதா என்று ஒரு வருஷம் யோசிப்பவர், எங்கெங்கே கையெழுத்துப் போட்டோம் என்பதை ஒரு நாளும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். வீட்டுக்கடனைக் கெடுக்கக்கூடியது எது என்று என்னைக் கேட்டால், அட்டைக்கு முன்னால் அதைத்தான் காட்டுவேன். உங்கள் சொந்த அறிக்கையை வங்கி மூலமாகவோ பணியகத்தின் இணையத்தளம் மூலமாகவோ நீங்களே எடுத்துப் பார்க்கலாம். விண்ணப்பத்துக்கு முன் அதை எடுங்கள். அட்டையின் நிலை, பிணைகள், எப்போதோ கட்டி முடித்தும் இன்னும் முடியாத மாதிரி நிற்கும் கடன்கள் எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

அப்புறம், ஏன் இப்போதே மூடக் கூடாது என்பது. காரணம் ஸ்கோர் இல்லை, கணக்கு முடியும் விதம்தான். அட்டையில் ஏதாவது நிலுவை இருந்து, கூற்றில் போட்ட தொகையை அப்படியே கட்டிவிட்டு "முடிந்தது" என்று வந்துவிடுகிறோம். ஆனால் கூற்று அடித்த நாளுக்கும் நீங்கள் காசு கட்டிய நாளுக்கும் இடையில் வட்டி ஓடியிருக்கும். முந்திய மாத நிலுவை கொண்டுவரப்பட்டு அட்டையில் 20,000 ரூபா நின்றது, வட்டி 28 சதவீதம், 20 நாள் கழித்துக் கட்டினீர்கள் என்றால், அந்த 20 நாள் வட்டி மட்டும் 300 ரூபாவைத் தாண்டும். அந்த 300 ரூபா அடுத்த கூற்றில் வரும். அட்டையை வெட்டி எறிந்தவர் அடுத்த கூற்றைப் பார்ப்பதில்லை. இப்படி மூடியும் மூடாமலும் தொங்கும் ஒரு கணக்கு, வீட்டுக்கடன் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது அறிக்கையில் எட்டிப் பார்த்தால் வீண் கேள்விகள் வரும். வங்கி கொடுக்கும் தகவல் அறிக்கையில் ஏறவும் கொஞ்சக் காலம் எடுக்கும். ஒன்றில் நாலைந்து மாதம் முந்தியே மூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் கடன் கிடைத்த பிறகு மூட வேண்டும். உங்களுக்கு முதலாவதற்கு நேரமில்லை. கடன் கொடுக்கும் வங்கியே "அந்த அட்டையை மூடிக் கடிதம் கொண்டு வாருங்கள்" என்று கேட்டால் மட்டும் உடனே மூடுங்கள். அப்போது ஏன் மூடினீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

இதற்கிடையில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அட்டை கொடுத்த வங்கிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, "ஆண்டுக் கட்டணத்தை விலக்குங்கள், இல்லாவிட்டால் மூடப்போகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் இறங்கி வருவார்கள். அப்போது அந்தப் பக்கத்திலிருந்து, "லிமிட்டை ஒரு லட்சமாக்கித் தரட்டுமா" என்று கேட்கவும் கூடும். வீட்டுக்கடன் விண்ணப்பத்துக்கு முன்னால் அதற்கு ஆம் சொல்லிவிடாதீர்கள். தேவையில்லாமல் இன்னொரு விசாரணையும் கூடுதல் லிமிட்டும் அறிக்கையில் ஏறுவதில் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் அதே அழைப்பில் திருத்திக்கொள்ளுங்கள்.

கட்டணத்தை நிரந்தரமாகவே விலக்கிவிட்டார்கள் என்றால், வைத்திருப்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. இணையத்தில் பொருள் வாங்க சின்ன லிமிட் அட்டை நல்ல கருவி. இலக்கம் களவு போனாலும் 25,000-க்கு மேல் கை வைக்க முடியாது. 300,000 அட்டையை எந்த இணையத்தளத்திலும் பதியாமல், சின்னதை மட்டும் அதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் ஆட்கள் எனக்குத் தெரியும். இரண்டு அட்டையும் ஒரே வங்கியில் இல்லாததும் ஒரு வசதி, ஒரு வங்கியின் இயந்திரம் படுத்துவிட்டால் மற்றது கைகொடுக்கும். ஆனால் மாதாமாதம் கூற்றைப் பார்க்கும் பழக்கம் உள்ளவருக்குத்தான் இது சரிவரும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்த அட்டையை நீங்கள் எப்போதோ மனதால் மூடிவிட்டீர்கள். அதனால்தான் மூடுங்கள் என்கிறேன்.

எல்லாருக்கும் இதே பதில் பொருந்தாது. கையில் இருப்பது அந்த ஒரே அட்டைதான், வேறு கடன் எதுவும் எடுத்ததே இல்லை என்றால், அதை வைத்திருந்து மாதம் ஒரு தொலைபேசிக் கட்டணமோ தண்ணீர்க் கட்டணமோ அதில் கட்டி முழுக்காசையும் தீர்த்துவருவது நல்லது. வங்கிக்கு உங்களைப் பற்றித் தெரிய வேறு வழி இல்லை. காத்தான்குடி, கல்முனைப் பக்கத்து வியாபாரிகள் சிலருக்குச் சம்பளப் பத்திரம் இல்லாததால் நிலையான வைப்பைப் பிணையாக வைத்து அட்டை கொடுத்திருப்பார்கள். அவர்கள் அட்டையை மூடும்போது வைப்பின் மீதான பிடியையும் எழுத்தில் விடுவிக்கச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அட்டை போயும் காசு கட்டுப்பட்டே கிடக்கும். வட்டியோடு எந்தத் தொடர்பும் வேண்டாம் என்று மார்க்க காரணத்துக்காக மூட நினைப்பவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை, மூடும் முறையை மட்டும் சரியாகச் செய்தால் போதும். அம்பாறை மாவட்டத்து வேளாண்மைக்காரர் என்றால் என் யோசனை இன்னும் கறாராக இருக்கும். அறுவடைக்கு அறுவடை காசு பார்ப்பவருக்கு, ஆகக்கூடியது 51 நாள் வட்டியில்லாத் தவணை தரும் அட்டை எப்படிப் பொருந்தும்? பெரும்போகத்துக்கு உரம் வாங்க அதில் தேய்த்தால், நெல் விற்றுக் காசு வருவதற்குள் வட்டி வந்துவிடும்.

மூடும் நாள் வரும்போது செய்ய வேண்டியவை அதிகமில்லை, ஆனால் ஒழுங்கு முக்கியம். அட்டையிலிருந்து தானாகக் கழியும் எல்லாவற்றையும் முதலில் நிறுத்துங்கள்: காப்புறுதித் தவணை, தொலைபேசி, பிள்ளைகள் போனில் பதிந்து வைத்திருக்கும் செயலிகள். தவணை முறையில் வாங்கிய பொருள் ஏதாவது கட்டி முடியாமல் இருந்தால், மூடும் அன்று மிச்சம் முழுவதையும் ஒரேயடியாகக் கேட்பார்கள். துணை அட்டை யாருக்காவது எடுத்துக் கொடுத்திருந்தால் அதுவும் செத்துவிடும், வீட்டில் சொல்லிவிடுங்கள். சேர்ந்திருக்கும் புள்ளிகளைப் பாவித்து முடியுங்கள். அப்புறம், "இன்ன திகதிக்கு மூடுவதானால் மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்" என்று கேளுங்கள். கூற்றில் இருக்கும் தொகையை நம்பாமல், ஓடிக்கொண்டிருக்கும் வட்டியும் சேர்ந்த தொகையைக் கேட்க வேண்டும். அதைக் கட்டி ரசீதை வைத்துக்கொண்டு, மூடச் சொல்லிக் கடிதம் எழுதிக் கிளையில் கொடுத்து, ஒரு பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். பிறகு ஒரு பிரச்சினை வந்தால், அன்று பேசிய ஆள் யார் என்று தேடித் திரிய வேண்டிவரும். அட்டையின் சிப்பை இரண்டாக வெட்டிவிடுங்கள்.

கணக்கு மூடப்பட்டது, நிலுவை இல்லை என்று வங்கி தரும் கடிதத்தைக் காணி உறுதி இருக்கும் அதே பைலில் போடுங்கள். இரண்டு மாதம் கழித்து இன்னொரு தரம் உங்கள் அறிக்கையை எடுத்து, அந்த அட்டை முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். பழைய தாமதம் ஏதாவது இருந்தால் மூடியதால் அது உடனே அழியாது, அதை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் நிலுவை என்று ஏதாவது புதிதாக நின்றால், கடிதத்தின் பிரதியோடு முதலில் வங்கிக்கே எழுத்தில் முறையிடுங்கள். பதிவைத் திருத்திக் கொடுக்க வேண்டியது தகவல் அனுப்பிய அந்த வங்கிதான். அவர்கள் இழுத்தடித்தால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற இலக்கத்தில் பேசலாம், தமிழிலேயே பேசலாம். பேசும்போது முத்திரை வாங்கிய அந்தப் பிரதியைக் கையில் வைத்திருங்கள், முதலில் திகதியைத்தான் கேட்பார்கள்.